ஆங்கிலேயர்கள் ஏன் கடல் கடந்து குடியேறினார்கள்: மதமா, பணமா, நிலமா?

கேள்வி: நிலவன்

வணக்கம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடியேறியதன் காரணம் குறித்து எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. சொந்த நாட்டில் விரும்பியபடி வழிபட முடியாதவர்கள் 1620இல் மேஃப்ளவர் கப்பலில் ஏறிப் புதிய மண்ணைத் தேடிப் போனார்கள் என்ற செய்திதான் பொதுவான கட்டுரைகளில் முதலிடம் பெறுகிறது. ஆனால் அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1607இல், வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிவிட்டது. அங்கே போனவர்கள் மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி ஓடியவர்களாகத் தெரியவில்லை.

அவர்களை உண்மையில் உந்தியது எது? வணிகம்தான் நோக்கம் என்றால் கரையோரத்தில் ஒரு பண்டகசாலையும் சில காவலர்களும் போதுமே. உழுது விதைத்து, வீடு கட்டி, அங்கேயே நிலைத்து வாழும் அளவுக்கு ஏன் துணிந்தார்கள்? போனவர்களில் பெரும்பகுதியினர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோவது ஊரறிந்த செய்தியான பிறகும் அடுத்த கப்பலில் ஏற ஆள் கிடைத்தது என்பதுதான் எனக்குச் சற்றும் விளங்காத இடம். விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


பதில்: கோமகள்

கப்பலுக்குப் பணம் போட்டவர், போவதற்குச் சாசனம் தந்த அரசர், கப்பலில் ஏறிய ஆள் ஆகிய மூவரையும் "ஆங்கிலேயர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதால்தான் இந்தக் கேள்வி கடினமாகத் தோன்றுகிறது. மூவருக்கும் காரணங்கள் வேறு வேறு. நான் முதலாமவரைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன். அவர் பணம் போடாமல் எந்தக் கப்பலும் புறப்பட்டிருக்காது.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏற்றுமதி என்றால் அது பெரும்பாலும் கம்பளித் துணிதான். அந்தத் துணி ஆண்ட்வெர்ப் நகரச் சந்தையை நம்பியிருந்தது. 1551இல் அந்தச் சந்தை சரிந்தது. பிறகு ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே மூண்ட போரில் ஆண்ட்வெர்ப்பே சூறையாடப்பட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைத்த லண்டன் வணிகர்கள் புதிய சந்தைகளைத் தேட வேண்டியதாயிற்று. 1555இல் மஸ்கோவி கம்பெனியும், 1581இல் துருக்கி வணிகத்துக்கான கம்பெனியும், 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்தத் தேடலில் உருவானவை. பலர் சிறு சிறு பங்குகளாகப் பணம் போட்டு, ஆபத்தைப் பகிர்ந்துகொண்டு, தொலைதூர முயற்சி ஒன்றில் இறங்கும் கூட்டுப்பங்கு முறையை அவர்கள் இந்த ஐம்பது ஆண்டுகளில் நன்றாகப் பழகிக்கொண்டார்கள். 1606இல் சாசனம் பெற்ற வர்ஜீனியா கம்பெனி அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான். அதன் ஒரு பங்கின் விலை 12 பவுண்டு 10 ஷில்லிங். பிற்பாடு பணம் போதாமல் போனபோது லாட்டரிச் சீட்டு நடத்தியும் நிதி திரட்டினார்கள்.

ஸ்பெயினின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெக்சிகோவிலிருந்தும் பெருவிலிருந்தும் ஆண்டுதோறும் வெள்ளி வந்து குவிவதை இங்கிலாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. 1585 முதல் 1604 வரை நடந்த போரில் ஸ்பானியக் கப்பல்களைக் கடலில் மறித்துப் பறிப்பதே பல ஆங்கில வணிகர்களுக்கு நல்ல தொழிலாக இருந்தது. 1580களில் வால்ட்டர் ராலேயின் பெயரால், இன்றைய வட கரோலினாக் கரையோரத்து ரோனோக் தீவில் அமைந்த குடியேற்றத்துக்கும் அந்தக் கொள்ளைக் கப்பல்களுக்கு ஒரு தளமாகப் பயன்படும் என்ற எண்ணம் பின்னணியில் இருந்தது. 1587இல் அங்கே விடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களை 1590இல் திரும்பிவந்து தேடியபோது, மரத்தூண் ஒன்றில் செதுக்கப்பட்டிருந்த "குரோவட்டோன்" என்ற சொல்லைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. 1604இல் சமாதானம் ஏற்பட்டதும் கடற்கொள்ளைக்கான உரிமம் நின்றுபோயிற்று; அந்தத் தொழிலில் பழகிய பணமும் கப்பல்களும் மாலுமிகளும் வேறு வேலை தேடினார்கள். இரண்டே ஆண்டுகளில் வர்ஜீனியா கம்பெனி தோன்றியதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரிச்சர்ட் ஹக்லூட் என்ற பாதிரியார் 1584இல் எலிசபெத் அரசியாரிடம் அளித்த அறிக்கையில் இந்தக் கணக்குகள் அனைத்தும் இருக்கின்றன: துணிக்குப் புதிய சந்தை, பிற நாடுகளிடம் வாங்கும் பண்டங்களை நாமே விளைவித்துக்கொள்வது, வேலையின்றித் திரிவோருக்குப் பிழைப்பு, ஸ்பெயினுக்கு ஒரு கடிவாளம், இவற்றோடு கிறித்தவ நற்செய்தியைப் பரப்புவது. அரசியார் பாராட்டினார், கருவூலத்தைத் திறக்கவில்லை. ஆங்கிலேயக் குடியேற்றத்தின் தனித்தன்மையே அதுதான். அரசு எழுதிக் கொடுக்கும், செலவு தனியாருடையது.

ஜேம்ஸ்டவுனில் முதலில் இறங்கிய நூற்றுச் சொச்சம் ஆண்களும் சிறுவர்களும் உழவுக்குப் போனவர்கள் அல்லர். 1608இன் தொடக்கத்தில் வந்த கப்பலில் பொற்கொல்லர்களும் உலோகம் பிரிப்பவர்களும் வந்தார்கள். வாசனைத் திரவியம் செய்பவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார். வயிற்றுக்கு இல்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை என்று பங்குதாரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மினுமினுத்த மண்ணைத் தங்கத்தாது என்று நம்பி ஒரு கப்பல் நிறைய ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அது வெறும் மண்ணாகப் போயிற்று. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் சில நூறு பேரில் ஏறத்தாழ 60 பேர்தான் எஞ்சினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதையைப் புகையிலை காப்பாற்றியது. ஸ்பானியர் ஆண்ட பகுதிகளில் விளைந்த இனத்தின் விதையை ஜான் ரால்ஃப் என்ற குடியேறி 1612 வாக்கில் பயிரிட்டுப் பார்த்தார். 1617இல் புதிய ஆளுநர் வந்து இறங்கியபோது ஜேம்ஸ்டவுனின் சந்தைத் திடலிலும் தெருக்களிலும்கூடப் புகையிலை நட்டிருந்தார்கள். தேவாலயம் இடிந்து கிடந்தது. அந்த ஆண்டில் ஏற்றுமதி சுமார் 20,000 பவுண்டு எடை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. புகையிலையைப் பண்டகசாலை வைத்து வாங்க முடியாது. பிறர் விளைவித்ததை விலைக்கு வாங்குவதற்குக் கரையோரத்தில் ஒரு கொட்டகை போதும். தானே விளைவிக்க வேண்டுமென்றால் நிலமும், ஆண்டு முழுதும் அந்த நிலத்தில் குனிந்து நிற்கும் ஆட்களும் வேண்டும். ஆகவே 1618இல் கம்பெனி ஒரு விதி செய்தது: தன் செலவில் வந்து சேர்பவருக்கு 50 ஏக்கர், அவர் தன் செலவில் அழைத்துவரும் ஒவ்வோர் ஆளுக்கும் இன்னும் 50 ஏக்கர். 1621இல் மணப்பெண்களையும் கப்பலில் அனுப்பினார்கள். மணந்துகொள்பவர் கம்பெனிக்குப் பயணச் செலவாக 150 பவுண்டு எடை நல்ல புகையிலை தர வேண்டும் என்பது ஏற்பாடு. வணிகக் கம்பெனியே குடும்பங்களை உண்டாக்க முனைந்தது என்றால், குடும்பம் இல்லாதவன் அங்கே நிலைக்க மாட்டான் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.


பதில்: தமிழ்ச்செல்வன்

கோமகள் அவர்களின் விளக்கம் வர்ஜீனியாவுக்குப் பொருந்துகிறது. அதையே, வடக்கே மாசசூசெட்ஸ் முதலான பகுதிகள் அடங்கிய நியூ இங்கிலாந்தின் மீதும் போர்த்திவிட முடியாது என்பது என் கருத்து. இப்போதெல்லாம் மதக் காரணத்தைச் சொன்னாலே அதை ஒரு பழைய கட்டுக்கதையாக ஒதுக்கிவிடும் போக்கு இருக்கிறது, அதுவும் மிகைதான்.

முதலில் மேஃப்ளவர் குழுவினரைப் பார்ப்போம். நாட்டிங்காம்ஷயரின் ஸ்குரூபி என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த பிரிவினைவாதிகள், இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து அறவே விலகிவிட வேண்டும் என்று எண்ணியவர்கள். 1608 வாக்கில் ஹாலந்துக்குப் போய், மறு ஆண்டு லைடன் நகரில் குடியமர்ந்தார்கள். அங்கே அவர்களுடைய வழிபாட்டில் யாரும் தலையிடவில்லை. பதினோர் ஆண்டுகள் அப்படி வாழ்ந்த பிறகு ஏன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள் என்பதற்கு, பின்னாளில் அவர்களின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு காரணங்களை எழுதி வைத்திருக்கிறார். உழவர்களாக இருந்தவர்கள் நெசவு முதலான நகரத் தொழில்களில் ஓயாமல் உழைத்தும் மிச்சம் காணவில்லை; பிள்ளைகள் சிறு வயதிலேயே வேலைக்குப் போய்க் கூனிப்போனார்கள்; வளர்ந்தவர்களில் சிலர் படையிலும் கப்பலிலும் சேர்ந்து பெற்றோரின் கட்டுப்பாட்டை விட்டு விலகினார்கள்; ஸ்பெயினுடனான போர்நிறுத்தம் 1621இல் முடியவிருந்தது. ஆகவே வழிபாட்டுச் சுதந்திரம் மட்டுமே வேண்டும் என்றால் லைடனே போதுமாக இருந்தது. தங்கள் சமூகம் கரைந்துபோகாமல், ஆங்கிலேயர்களாகவே, தங்கள் நெறியில் பிள்ளைகளை வளர்க்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தேவை. இதை மதக் காரணம் என்பதா, வேறு பெயரிட்டு அழைப்பதா என்பது அவரவர் விருப்பம். என் பார்வையில் இது மதத்திலிருந்து பிரிக்க முடியாத ஒன்று.

அவர்களும் கடனில்தான் போனார்கள் என்பதை மறுக்கவில்லை. லண்டன் வணிகர்கள் பணம் போட்டார்கள். ஏழாண்டு உழைப்பின் பலன் பொதுக்கணக்கில் சேர வேண்டும் என்பது உடன்பாடு. கப்பலில் இருந்த 102 பயணிகளில் லைடன் குழுவினர் பாதிக்கும் குறைவு என்பதும், முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் இறந்தார்கள் என்பதும் உண்மை. மேஃப்ளவர் வெறுங்கப்பலாகத் திரும்பிவந்ததைக் கண்டு முதலீட்டாளர்களின் சார்பில் கண்டனக் கடிதம் வந்தது! பிறகு 1621இன் இறுதியில் நீர்நாய்த் தோலும் பலகைகளும் ஏற்றி அனுப்பிய கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கடன் தீர 1648 வரை ஆயிற்று.

உண்மையான பெருக்கம் 1630க்குப் பிறகுதான் நிகழ்ந்தது. 1629 மார்ச்சில் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு அது இல்லாமலே ஆளத் தொடங்கினார். அவருடைய ஆதரவில் வில்லியம் லாட் முதலில் லண்டன் ஆயராகவும், 1633 முதல் கான்டர்பரி பேராயராகவும் இருந்து, பியூரிட்டன் போதகர்களை ஒவ்வொருவராக வாய் மூட வைத்தார். திருச்சபையை உள்ளிருந்தே தூய்மைப்படுத்தலாம் என்று நம்பிய பியூரிட்டன்களுக்கு அந்த நம்பிக்கை அற்றுப்போயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்குப் போனார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. வர்ஜீனியாவுக்குப் போனவர்களைப் போல இவர்கள் தனியாட்கள் அல்லர். கணவன், மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், சில இடங்களில் ஒரு பாதிரியாரும் அவருடைய சபையாரும் என்று கூட்டமாகப் போனார்கள். பெரும்பாலோர் தம் பயணச் செலவைத் தாமே கொடுத்தவர்கள். கூலியோ லாபமோ மட்டும் குறி என்றால், கல்லும் பனியும் நிறைந்த மாசசூசெட்ஸை விட்டுவிட்டுப் புகையிலை விளையும் செசபீக் விரிகுடாவுக்கோ கரும்புத் தீவுகளுக்கோ அல்லவா போயிருக்க வேண்டும்?

இதைவிட வலுவான சான்று, அந்த வரவு நின்ற விதம். 1640இல் அரசர் வேறு வழியின்றி நாடாளுமன்றத்தைக் கூட்டினார், லாட் சிறையிலிடப்பட்டார், 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. பியூரிட்டன்களின் கை இங்கிலாந்திலேயே ஓங்கத் தொடங்கியதும் மாசசூசெட்ஸுக்கு வரும் கப்பல்கள் ஏறக்குறைய நின்றேபோயின. புதிதாக வருபவர்களுக்கு மாடும் தானியமும் விற்று வாழ்ந்த பழைய குடியேறிகள் மாட்டு விலை வீழ்ந்து தவித்தார்கள். ஹியூ பீட்டர் போன்ற போதகர்கள் தாய்நாட்டுக்கே திரும்பினார்கள். 1642இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற முதல் அணியிலும் திரும்பிப் போனவர்கள் உண்டு. பொருளாதாரம் ஒன்றே காரணமாக இருந்திருந்தால், போரால் நாடு சீரழிந்த காலத்தில் குடியேற்றம் பெருகியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு.

ஜான் வின்த்ராப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிலவன் கேட்ட கேள்வியின் சிக்கல் புரியும். சஃபோக் மாவட்டத்தில் குரோட்டன் என்ற ஊரின் நிலக்கிழார்; ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர். நிலவருமானம் குறைந்துகொண்டே வந்தது, வளர்ந்த பிள்ளைகள் பலர், லண்டன் நீதிமன்றம் ஒன்றில் இருந்த வழக்குரைஞர் பதவியும் 1629இல் போயிற்று. போகலாமா வேண்டாமா என்று அந்த ஆண்டு அவர் எழுதிப் பார்த்த காரணங்களில், இங்கிலாந்தின் மீது இறைவனின் தண்டனை வரப்போகிறது என்ற அச்சமும், இந்த நாட்டு மண்ணுக்குத் தன் மக்களே சுமையாகிவிட்டார்கள் என்ற வருத்தமும் அடுத்தடுத்து வருகின்றன. எது முதற்காரணம் என்று அவரையே கேட்டாலும் பிரித்துச் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே. மேலும், கம்பெனியின் கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று சாசனம் குறிப்பிடாமல் விட்டதைப் பயன்படுத்திக்கொண்டு, சாசனத்தையே பெட்டியில் வைத்து மாசசூசெட்ஸுக்கு எடுத்துப்போன சட்ட அறிவும் அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் இருந்தது. ஒரு வணிகக் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் இப்படித்தான் ஒரு நாட்டின் ஆட்சிமன்றமாக மாறியது.

ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அவர்கள் தேடியது தங்களுக்கான சுதந்திரம், பிறருக்கானது அன்று. ரோஜர் வில்லியம்ஸ் வெளியேற்றப்பட்டு 1636இல் பிராவிடன்ஸை நிறுவினார். 1660இல் குவேக்கர் என்ற தனிச் சமயக் குழுவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்மணி பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.


பதில்: மாறன்

இருவரும் போக முடிவெடுத்தவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். தலைகளை எண்ணிப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை விட்டு அட்லாண்டிக்கைக் கடந்தவர்களில் நியூ இங்கிலாந்துக்குப் போனவர்கள் சிறுபான்மையினர். வர்ஜீனியாவும் மேரிலாந்தும் அமைந்த செசபீக் பகுதிக்கும், பார்படோஸ் முதலான தீவுகளுக்கும் போனவர்களே மிகப் பலர். 1627இல்தான் குடியேற்றம் தொடங்கிய பார்படோஸ், சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவு; 1650 அளவில் அதில் இருந்த ஆங்கிலேயர் தொகை நியூ இங்கிலாந்து முழுவதிலும் இருந்ததற்குக் குறைந்ததன்று. செசபீக் பகுதிக்குப் போன வெள்ளையரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒப்பந்தப் பணியாட்கள். அவர்களுக்கு நாட்குறிப்பு எழுத நேரமும் இல்லை, பலருக்கு எழுத்தும் தெரியாது. அதனால்தான் அவர்களுடைய காரணங்கள் நம் காதுக்கு எட்டுவதில்லை.

அந்த ஒப்பந்தம் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஒரே தாளில் ஒரே வாசகத்தை இருமுறை எழுதி, நடுவில் பல் பல்லாக வளைத்து வெட்டி, ஒரு பாதி பணியாளிடமும் மறு பாதி எசமானிடமும் இருக்கும். பின்னாளில் தகராறு வந்தால் இரண்டு ஓரங்களையும் பொருத்திப் பார்த்து உண்மைத் தாள் எது என்று கண்டுகொள்ளலாம். அந்தத் தாளின்படி, 5 அல்லது 6 பவுண்டு பயணச் செலவுக்கு ஈடாக 4 முதல் 7 ஆண்டுகள் வரை உணவுக்கும் உடைக்கும் மட்டும் உழைக்க வேண்டும். கப்பல் தலைவன் இந்தத் தாளை அமெரிக்கத் துறைமுகத்தில் தோட்டக்காரருக்கு விற்பான். ஆள் கைமாறுவது பணியாளின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. கோமகள் குறிப்பிட்ட 50 ஏக்கர் விதியை இதோடு சேர்த்துப் படியுங்கள். நிலம் கிடைத்தது பயணம் செய்தவனுக்கு அன்று, பயணச் செலவைக் கொடுத்தவனுக்கு. இருபது பேரின் தாள்களை வாங்கியவன் ஆயிரம் ஏக்கருக்கு உரியவனானான். அந்த ஆயிரம் ஏக்கரில் உழைக்க அதே இருபது பேர் இருந்தார்கள். காலக்கெடு முடிந்தபோது உயிரோடிருந்தவனுக்குக் கொஞ்சம் தானியம், உடை, சில கருவிகள் கிடைக்கும். மேரிலாந்தில் சில காலம் 50 ஏக்கருக்கான உரிமையும் கிடைத்தது.

இதை அறிந்தும் ஏன் கையெழுத்திட்டார்கள் என்றால், இங்கிலாந்தில் அவர்களுக்கு இருந்த வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் 30 லட்சம் அளவில் இருந்த மக்கள்தொகை 1650இல் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. விலைவாசி ஏறியது, கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை, பொதுமேய்ச்சல் நிலங்கள் பல இடங்களில் ஆட்டுப் பட்டிகளுக்காக வேலியிடப்பட்டன. நாடோடியாகத் திரிவது குற்றம், பிடிபட்டால் சவுக்கடி. பதினெட்டு, இருபது வயது இளைஞன் ஊரில் வேலையில்லாமல் பிரிஸ்டலுக்கோ லண்டனுக்கோ நடந்து வருவான். அங்கும் வேலை இல்லை. துறைமுகத்தில் ஒருவன் சோறும் பானமும் வாங்கிக் கொடுத்து வர்ஜீனியாவைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுவான். அமெரிக்கப் பயணம் என்பது அவன் ஏற்கெனவே தொடங்கிவிட்ட நடையின் அடுத்த கட்டம். மரணத்தின் அச்சம் ஏன் தடுக்கவில்லை என்று நிலவன் கேட்டதற்கு என் விடை இதுதான். லண்டனின் நெரிசலிலும் கொள்ளைநோயிலும் இறப்பு அவ்வளவு தொலைவில் இல்லை. தவிர, வர்ஜீனியாவில் செத்தவன் திரும்பிவந்து சொல்லப்போவதில்லை. பிழைத்துப் பணக்காரனானவனின் பெயர்தான் துறைமுகத்தில் அடிபட்டது.

முடிவெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்களும் பலர். 1619இல் லண்டன் தெருக்களில் திரிந்த சுமார் நூறு சிறுவர் சிறுமியரை நகர நிர்வாகம் திரட்டி வர்ஜீனியாவுக்கு அனுப்பியது. பிள்ளைகளைக் கடத்தி விற்கும் தரகர்கள் பெருகியதால் 1645இல் நாடாளுமன்றமே அதற்கு எதிராக ஆணையிட வேண்டியதாயிற்று. 1654 முதல் பிரிஸ்டலில் ஒப்பந்தப் பணியாட்களைப் பதிவு செய்யத் தொடங்கியதற்கும் இந்தக் கடத்தல்தான் காரணம்; அடுத்த முப்பது ஆண்டுகளில் அங்கே பதிவானவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். 1650இல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகள் நியூ இங்கிலாந்துக்கும், 1685இல் மான்மத் கலகத்தில் பிடிபட்டவர்களில் பல நூறு பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். குற்றவாளிகளை நாடுகடத்த வகைசெய்த 1718 சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கப் புரட்சி வரையில், சுமார் 50,000 குற்றவாளிகள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்.

1660க்குப் பிறகு இங்கிலாந்தில் மக்கள்தொகை வளர்ச்சி நின்று கூலி சற்றே உயர்ந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஆள் குறைந்தது. அந்த இடத்தைத் தோட்டக்காரர்கள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கி நிரப்பினார்கள்; கரும்புத் தீவுகள் அதை இன்னும் முன்னதாகவே செய்திருந்தன. மேலான வாழ்வு ஊரிலேயே கிடைத்தால் ஆள் கப்பல் ஏறமாட்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.


நிலவன் (கேள்வி எழுப்பியவர்)

மூவருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வறுமையும் மதச் சண்டையும் பிரான்சிலும் இருந்தன. மக்கள்தொகையும் இங்கிலாந்தைப் போலப் பல மடங்கு. அப்படியிருந்தும் கனடாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் மிகச் சிலராகவே இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் மட்டும் ஏன் இத்தனை பேர்?


பதில்: பூங்குழலி

1663இல் புதிய பிரான்ஸ் என்ற கனடாக் குடியேற்றத்தில் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். அதே காலத்தில் வட அமெரிக்கப் பெருநிலத்தில் ஆங்கிலக் குடியேற்றங்களின் தொகை 70,000ஐத் தாண்டியிருந்தது. பிரான்சின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 2 கோடி. ஆகவே வறுமை மட்டும் ஆட்களைக் கப்பலில் ஏற்றிவிடாது.

பிரெஞ்சு அரசு 1627இல் கத்தோலிக்கர் மட்டுமே அங்கே குடியேறலாம் என்று விதித்தது. ஊரை விட்டுப் போகக் காரணமும் கைத்தொழிலும் உடைய ஹியூக்னாட் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு வாயில் அடைபட்டது. இங்கிலாந்து அரசு இதற்கு மாறாக நடந்துகொண்டது. பியூரிட்டன்கள் மாசசூசெட்ஸுக்கும், பால்டிமோர் பிரபுவின் ஏற்பாட்டில் கத்தோலிக்கர்கள் 1634இல் மேரிலாந்துக்கும், குவேக்கர்கள் 1681க்குப் பிறகு பென்சில்வேனியாவுக்கும் போனார்கள். தொல்லை தருபவர்கள் மூவாயிரம் மைலுக்கு அப்பால் போய்ப் புகையிலையும் கப்பலுக்கான பாய்மரமும் அனுப்பினால் அரசருக்கு என்ன நட்டம்? புகையிலையைக் கடுமையாக இகழ்ந்து 1604இல் நூலே எழுதிய முதலாம் ஜேம்ஸ், அதன் மீது விதித்த சுங்கத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. பென்சில்வேனியாவைப் பொறுத்தவரை, அதை நிறுவிய வில்லியம் பென்னின் தந்தைக்கு அரசு தர வேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாகவே இரண்டாம் சார்லஸ் அந்நிலத்தை எழுதிக் கொடுத்தார். கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்காமல், தமக்குச் சொந்தமில்லாத நிலத்தைக் கொண்டு கடனை அடைத்துவிட்டார்.

நிலத்தின் மீதான ஏக்கமும் இங்கிலாந்தில் தனி வகையானது. பிரெஞ்சு உழவர்கள் வரிச்சுமையில் நலிந்தாலும், பலர் தாம் உழுத துண்டு நிலத்தில் வழிவழியான உரிமையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் குத்தகைக் காலம் முடிந்ததும் வாடகையை உயர்த்தவோ ஆளை வெளியேற்றவோ நிலக்கிழார்களுக்கு எளிதாக இருந்தது. மேல்தட்டிலோ மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் போய்ச்சேரும் வழக்கம். இளைய மகன்கள் வழக்குரைஞர், போதகர், படைத்தலைவர், வணிகர் என்று ஏதோ ஒரு வழி தேட வேண்டும். நிலம் இருந்தால்தான் மதிப்பு, வாக்குரிமையும் அதையொட்டியே, என்றிருந்த சமூகத்தில் நிலமற்ற இளைய மகனுக்கும் நிலமிழந்த உழவனுக்கும் "50 ஏக்கர்" என்ற சொல் ஒரே மாதிரி இனித்திருக்கும்.

இதற்கான ஒத்திகை ஏற்கெனவே அயர்லாந்தில் நடந்திருந்தது. நீங்கள் யாரும் குறிப்பிடாததால் சொல்கிறேன். 1580களில் மன்ஸ்டர் மாகாணத்தில் கலகக்காரர்களிடம் பறித்த நிலத்தில் ஆங்கிலேயர்களைக் குடியமர்த்தினார்கள். அங்கே 40,000 ஏக்கர் அளவில் பெற்ற வால்ட்டர் ராலேதான் ரோனோக் முயற்சியின் உரிமையாளர். ரோனோக்கின் முதல் ஆளுநர் ரால்ஃப் லேனும் அயர்லாந்தில் பணியாற்றியவர். 1609க்குப் பிறகு அல்ஸ்டரில் லண்டன் நகர வணிகக் கழகங்கள் நிலம் பெற்று டெரி நகரைக் கட்டியெழுப்பின. அதே கழகங்களிடம்தான் வர்ஜீனியாவுக்கும் நிதி கேட்கப்பட்டது. உள்ளூர் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று முதலில் அறிவிப்பது, நிலத்தை அவர்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அடுத்துச் சொல்வது, பிறகு கோட்டை கட்டி உழவரைக் குடியேற்றுவது என்ற முறை கடல் கடக்கும் முன்பே அவர்களுக்குக் கைவந்துவிட்டது.

அமெரிக்க மண்ணிலும் அந்த வாதமே தொடர்ந்தது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் நியூ இங்கிலாந்துக் கரையோரத்துப் பழங்குடி ஊர்கள் பல அழிந்தன. மேஃப்ளவர் குழுவினரின் பிளைமவுத் குடியேற்றம் பட்டுக்சட் என்ற அப்படிப்பட்ட ஊர் இருந்த இடத்தில், அந்த மக்கள் திருத்தி வைத்திருந்த வயல்களின் மீதே அமைந்தது. அதை இறைவன் தங்களுக்காக இடத்தைக் காலி செய்து தந்ததாகவே பலர் எழுதினார்கள். மாசசூசெட்ஸ் கம்பெனியின் முத்திரையில் ஒரு பழங்குடி மனிதர் நின்றுகொண்டு "இங்கே வந்து எங்களுக்கு உதவுங்கள்" என்று அழைப்பதாகப் பொறித்திருந்தார்கள். யாரும் அப்படி அழைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வர்ஜீனியாவில் இந்தப் போர்வையும் விலகியது. புகையிலைக்காக ஆற்றங்கரை நிலங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோவதைக் கண்ட பவுஹாட்டன் பழங்குடி மக்கள் 1622 மார்ச்சில் தாக்கியபோது 347 குடியேறிகள் இறந்தார்கள். அதன்பின் கம்பெனியின் சார்பில் லண்டனில் அச்சான ஒரு சிறுநூல், இனி போர்முறைப்படி அவர்களுடைய ஊர்களையே எடுத்துக்கொள்ளலாம், காடு வெட்டும் உழைப்பும் நமக்கு மிச்சம், ஏனெனில் மிகச் செழிப்பான இடங்களில் அவர்கள் ஏற்கெனவே மரங்களை அகற்றி வைத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியது. நிலம் பயன்படுத்தப்படாமல் வீணாகக் கிடக்கிறது என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்களின் எழுத்து அது.